ஸ்பீக்கரில் கேட்கும் ஹம்மிங் பட்டியலில் ஏன் இல்லை?

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஹம்மிங் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாட்டு நின்றதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செட்டுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் அலையின் இரு பாதிகளையும் ஒரே பக்கமாகத் திருப்பிவிடுவதால், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை நிரம்பி, இடையில் வடிகிறது. அதுதான் 100 ஹெர்ட்ஸ் ஹம்மிங்.

பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் இதை லேப்டாப்பில் ஸ்பைஸ் வகை மென்பொருளில், அதாவது சர்க்யூட் எப்படி வேலை செய்யும் என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளில், போட்டுப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், 150 ஓம் லோடு. லோடில் வரும் வோல்டேஜைப் பட்டியலாகக் கேட்கிறான், 10 மில்லிசெகண்டுக்கு ஒரு வரி. முதல் வரி பூஜ்ஜியம், அப்புறம் 15.0, 15.0, 15.0 என்று பக்கம் முழுக்க ஒரே எண். "சுத்தமான டிசி அண்ணே" என்கிறான். "அப்போ இந்தச் சத்தம் எங்கேர்ந்து தம்பி வருது?" என்பார் மெக்கானிக்.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. வோல்டேஜ் உண்மையில் சுமார் 14.6-க்கும் 15.5-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் அந்த ஏற்ற இறக்கத்தின் அதே இடத்தில் போய் விழுகிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ரயில் போகும் நேரத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு அது எப்போதும் மூடியேதான் இருக்கும். இடைவெளியை 0.5 மில்லிசெகண்டாக மாற்றினால் ஹம்மிங் எண்களாக வரிசையில் வந்து நிற்கும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: பட்டியலின் இடைவெளியும் கணக்கின் இடைவெளியும் ஒன்றல்ல. ஸ்பைஸ் ஒரு நேரப் புள்ளியில் சர்க்யூட்டின் சமன்பாடுகளைத் தீர்த்துவிட்டு, அடுத்த அடியை, அதாவது அடுத்த புள்ளிக்கான நேரத் தாவலை, எவ்வளவு நீளம் வைக்கலாம் என்று தானே முடிவு செய்கிறது. டயோடு திறக்கும் நொடியில் குட்டிக் குட்டி அடிகள். கெப்பாசிட்டர் நிதானமாக வடியும்போது நீள அடிகள். ஆக, கிடைப்பவை சமமற்ற இடைவெளியில் கிடக்கும் புள்ளிகள். கிராஃப் அவற்றை நேர்கோடுகளால் இணைக்கிறது. சீரான இடைவெளியில் பட்டியல் கேட்டால், பக்கத்துப் புள்ளிகளை வைத்து இடைமதிப்பு கணக்கிட்டுக் கொடுக்கிறது. அதனால் அடி எவ்வளவு நீளம் போகலாம் என்ற உச்சவரம்பையும் நாமே கொடுத்துவிடுவது நல்லது. பெரிய அடியில் தவறிய முனையை எவ்வளவு நெருக்கமான பட்டியலும் மீட்டுத் தராது.

இந்தப் பட்டியல் பழக்கம் பழையது. 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகலும் டொனால்ட் பெடர்சனும் ஸ்பைஸை வெளிக்கொண்டு வந்தபோது சர்க்யூட் பஞ்ச் கார்டில் போனது, விடை லைன் பிரிண்டரில் வந்தது. கிராஃபும் அதே காகிதத்தில்தான்: நேரம் மேலிருந்து கீழே ஓட, மதிப்பு இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பார்க்க அழகில்லை, ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. இன்றைய வழவழப்பான கோட்டில் அது மறைந்துபோகிறது.

கிராஃபுக்கும் தனிக் கோளாறு உண்டு. செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கினால் 0.9 வோல்ட் ஆட்டம் சின்ன நெளிவாகத் தெரியும். மாறாக, தானியங்கி அளவீடு ஒன்றுமில்லாத மைக்ரோவோல்ட்டை மலையாக்கிக் காட்டும். ஸ்பைஸின் வழக்கமான சகிப்பு அளவு, அதாவது கணக்கில் அது பொறுத்துக்கொள்ளும் பிழை, ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 15 வோல்ட்டில் 15 மில்லிவோல்ட். அதைவிட ரொம்பச் சிறிய நெளிவைப் பார்த்துப் பதற வேண்டாம். சந்தேகமிருந்தால் சகிப்பைக் குறைத்து மறுபடி ஓட்டினால் போதும். ஸ்பைஸ் வகையில் ஒன்றான எல்டிஸ்பைஸ் வேறு, கோப்பின் அளவைக் குறைக்க அலைவடிவத் தரவைச் சுருக்கி வைக்கும். அலையில் எந்தெந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் ஃபூரியே அலசல் செய்கிறவர்கள் அந்தச் சுருக்கத்தை முதலில் அணைத்துவிட வேண்டும்.

என் பழக்கம்: முதலில் கிராஃப், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, பிறகுதான் எண்கள். அதிலும் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் வேண்டுமென்றால், பட்டியலைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்? மென்பொருளில் உள்ள அளவிடும் கட்டளையிடம் விட்டுவிடலாம். அதை வைத்துக்கொண்டு கெப்பாசிட்டரை 2200 மைக்ரோஃபேரட்டாக மாற்றி ஓட்டினால், ஆட்டம் பாதிக்கும் கீழே இறங்கியிருப்பது ஒரே எண்ணில் தெரிந்துவிடும்.