கடிக்காத நுளம்பெண்டு சந்தோஷப்படாதீங்க

மழை விட்ட கையோட திருகோணமலை டவுணச் சுத்தி வீடு வீடாப் போய் நுளம்பு தேடுறதுதான் என்ட வேலை, பூச்சியியல் பிரிவு. உப்புவெளிப் பக்கம் ஒரு அக்கா ஜாம் போத்தலுக்குள்ள ஏழு நுளம்பு பிடிச்சு வச்சிருந்தா, "வெள்ளைப் புள்ளி இருக்குது தம்பி, டெங்கு நுளம்புதானே?" எண்டா. லென்ஸ வச்சுப் பாத்தா முதுகுல ரெண்டு ஓரமும் வளைஞ்ச வெள்ளைக் கோடு, டெங்கு காவுற ஈடிஸ் எஜிப்டைதான். (நடுவுல ஒத்தை நேர்கோடு ஓடினா அது அல்போபிக்டஸ், அதுவும் டெங்கு காவும்.) ஆனா ஏழும் ஆம்பிளை.

எப்பிடித் தெரியும்? மாட்டைக் கடிக்கிற பெரிய இலையான் எண்டா கண்ணப் பாத்தே சொல்லிப்போடலாம், ஆணுக்கு ரெண்டு கண்ணும் உச்சந்தலைல ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கும், பெண்ணுக்கு நடுவுல இடைவெளி இருக்கும். பறக்கிற பெண்ணத் தேடிப் பிடிக்கத்தான் ஆணுக்கு அவ்வளவு கண். நுளம்புல அது சரிவராது, ஏனெண்டா நுளம்பு ஆண் பெண்ணட செட்டைச் சத்தத்தக் கேட்டுத்தான் போகும், அதால கண்ணுக்கு முன்னால நிக்கிற உணர்கொம்பப் பாக்கணும். ஆணுக்கு போத்தல் கழுவுற பிரஷ் மாதிரி சடைச்சுப் போயிருக்கும், பெண்ணுக்கு அங்கங்க கொஞ்சம் மயிர்தான். கண் நல்லாத் தெரியிற ஆளுக்கு லென்ஸே தேவையில்ல.

நானும் பிழை விட்ட ஆள்தான். வந்த புதுசுல, வாய்க்குழலுக்குப் பக்கத்துல ரெண்டு தண்டு நீளமா இருக்குதெண்டு மலேரியா காவுற அனோபிலிஸ் எண்டு எழுதிக் குடுத்துட்டன். பெண்ணுலதான் அந்த அடையாளம் சரி, கியூலெக்ஸ் எண்ட வேற சாதி நுளம்புல ஆணுக்கும் தண்டு நீளம்! 2016ல மலேரியா இல்லாத நாடெண்டு சான்றிதழ் வாங்கின இடத்துல இப்பிடி எழுதினா விடுவாங்களா, நல்லா வாங்கிக் கட்டினன்.

சரி, ஆம்பிளை கடிக்காதெண்டு கேட்டதும் அக்காட முகத்துல ஒரே சிரிப்பு. எனக்கெண்டா அதுக்குப் பிறகுதான் பயம் வந்த. ஆண் பூச்சாறு குடிச்சிட்டு கிட்டடிலயே சுத்துற சாதி, தூரம் போகாது, பெண்ணுக்கு ஒருநாள் ரெண்டுநாள் முந்திக் கூட்டுப்புழுவுல இருந்து வெளியவும் வரும். வீட்டுக்குள்ள ஏழு ஆணெண்டா பிறந்த இடம் அந்த வேலிக்குள்ளதான், கடிக்கிறதுகள் பின்னால வரும்.

கிணத்தடி, பீலி, பூச்சட்டி ஒண்டுலயும் இல்ல. கடைசில பிரிட்ஜுக்குப் பின்னால, தண்ணி வடியிற தட்டுல குடம்பி நெளியுது, கூட்டுப்புழுவும் கிடக்குது. 2017ல கிண்ணியா டெங்கால பட்ட பாடு அக்காவுக்கும் தெரியும், அந்த வருஷம் நாடு முழுக்க 1,86,000க்கு மேல ஆக்களுக்கு வந்தது, உடனே தட்டக் கொண்டுபோய் முத்தத்துல ஊத்திட்டு உள்ள வைக்கப் போனா. நிப்பாட்டினன். முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல தட்டோட ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது, திரும்பத் தண்ணி பட்டாப் பொரிக்கும். தும்பால அழுத்தித் தேய்க்கணும். தேய்ச்சா, தேய்ச்சுக்கொண்டே "அந்த ஜாம் போத்தலத் தந்துட்டுப் போங்க தம்பி" எண்டா.