உதவ வருபவர் யார், நின்று தொடர்பவர் யார்?

வெள்ளம் வந்தால் ஊரே திரண்டு உதவுகிறது. 2015 டிசம்பரில் சென்னையில் பார்த்தோம். 2018 ஆகஸ்டில் கேரள மீனவர்கள் லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு போனதையும் பார்த்தோம். தண்ணீர் வடிந்து சில மாதங்கள் போனதும் வந்தவர்களில் கொஞ்சம் பேர்தான் மிச்சம் இருப்பார்கள். அந்தக் கொஞ்சம் பேர் மற்றவர்களைவிட நல்லவர்களா? உளவியல் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. வரவைப்பது ஒன்று, நிற்கவைப்பது வேறொன்று.

உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் போற்றத்தக்க குணங்கள் என 24-ஐத் தொகுத்தார்கள். கருணை, நியாய உணர்வு, துணிச்சல், விடாமுயற்சி, கூட்டாக உழைப்பது, நகைச்சுவைகூட அதில் உண்டு. எல்லாருக்கும் எல்லாமும் ஓரளவு இருக்கும், சில குணங்கள் மட்டும் தூக்கலாகத் தெரியும். பொதுச்சேவை என்றதும் நமக்குக் கருணைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு நிவாரண முகாமுக்குள் போய்ப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் அரிசி மூட்டை, பிஸ்கட், கொசுவத்தி, நாப்கின், போர்வை எல்லாம் குவிந்து கிடக்கும். எந்தத் தெருவுக்கு எத்தனை பை போயிற்று என்று நோட்டில் எழுத ஒருவர் வேண்டும். அவருக்கு வேண்டியது கவனமும் விடாமுயற்சியும். வரிசையில் சண்டை வந்தால் தீர்த்துவைக்க நியாய உணர்வுள்ளவர் வேண்டும். வீட்டை இழந்து அழும் பாட்டியின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க இன்னொருவர் வேண்டும். இவர்களை இடம் மாற்றி வைத்தால் மூவருமே சீக்கிரம் சோர்ந்துபோவார்கள்.

சரி, நல்ல குணம் இருந்தால் ஒருவர் தானாக உதவ வந்துவிடுவாரா? ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராகச் சோதித்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மதகுரு ஆகப் படிக்கும் மாணவர்கள் 40 பேரை ஒரு சிறு சொற்பொழிவுக்காக அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் பற்றிய பைபிள் கதை. போகிற வழியில் ஒரு வாசலில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு கிடந்தார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்தான். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். 'நேரமாகிவிட்டது, ஓடுங்கள்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். எந்தத் தலைப்பில் பேசப்போகிறார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

இதை வைத்துக் குணமே பொய் என்று சொல்லிவிட முடியாது. இணக்கமும் கலகலப்பும் உள்ளவர்கள் தன்னார்வச் சேவையில் அதிகம் ஈடுபடுகிறார்கள் என்று ஆளுமை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதற்கு ஒரு வாசல் திறக்க வேண்டும். அமெரிக்கர்களின் பொதுவாழ்வுப் பங்கேற்பை ஆராய்ந்த சிட்னி வெர்பாவும் சக ஆய்வாளர்களும் 1995-இல், மக்கள் ஒதுங்கியிருக்க மூன்று காரணங்களைச் சொன்னார்கள்: முடியவில்லை, விருப்பமில்லை, யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது காரணத்தை நாம் ரொம்பவே குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் எண்ணம். 'யாராவது வாங்க' என்று வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தி யாரையும் கூப்பிடுவதில்லை. 'உங்களுக்குக் கணக்கு நன்றாக வரும், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நோட்டுப் பார்க்க வர முடியுமா?' என்று கேட்டால் அது ஒருவரைக் கூப்பிடுகிறது.

அப்புறம், நிற்பது. எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணையாக இருந்த தன்னார்வலர்களை ஆலன் ஓமோட்டோவும் மார்க் ஸ்னைடரும் இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1995-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதவும் சுபாவம் மிகுந்தவர்களுக்கு வேலையில் திருப்தி அதிகம் கிடைத்தது. ஆனால் எத்தனை காலம் நீடிப்பார்கள் என்பதை அந்தச் சுபாவம் நேரடியாகக் காட்டவில்லை. புதிதாகக் கற்க வேண்டும், தன்னை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று தனக்காகவும் எதையோ தேடி வந்தவர்கள்தான் அதிக நாள் நின்றார்கள். எய்ட்ஸ் தன்னார்வலர்களிடமே பின்னால் நடந்த வேறோர் ஆய்வில், பிறர்மீதான அக்கறையும் தொடர்ந்து நிற்பதோடு சேர்ந்தே காணப்பட்டது. ஆகவே இந்த விஷயம் முடிந்துபோனதல்ல. என்றாலும், 'எனக்கும் இதில் ஏதோ கிடைக்கிறது' என்று சொல்கிற தன்னார்வலரைச் சுயநலக்காரர் என்று ஒதுக்குவது தவறு. அவர்தான் அடுத்த வருடமும் வரக்கூடியவர்.

செயல் குணத்தையும் மாற்றுகிறது. ரத்த தானம் செய்பவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜேன் பிலியாவின் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டது இது. முதல் முறை பெரும்பாலும் நண்பரோ அலுவலகமோ கூப்பிட்டதால் வருகிறார்கள். திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது, 'நான் ரத்தம் கொடுக்கிற ஆள்' என்ற அடையாளம் உள்ளே உருவாகிவிடுகிறது. அதற்குப்பின் யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை.

இந்தியாவில் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டு மறுபடி ரத்தம் கொடுக்கலாம். முகாம் நடத்துபவர்கள் முதல் முறை வந்தவரின் எண்ணைக் குறித்துவைத்து, அந்த நாள் வந்ததும் பெயர் சொல்லி ஒரு போன் செய்தால், அடுத்த முகாமுக்கு முற்றிலும் புதிய ஆட்களைத் தேட வேண்டியிருக்காது.