கண்ணை மூடினால் சாயும் உடல்: கழுத்துத் தண்டுவட அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு

தருமபுரியில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம், கழுத்தில் தண்டுவட அழுத்தத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "நடந்தா தள்ளுதுங்க" என்பதுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகும் கால் ஏன் பழையபடி நிற்கவில்லை என்று வீட்டார் கலங்கிப்போய்க் கேட்கிறார்கள்.

பாதம் தரையில் எப்படிப் படிந்திருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்திகள் தண்டுவடத்தின் பின்பகுதி வழியாகவே மூளைக்குச் செல்கின்றன. அறுவைச் சிகிச்சை அங்குள்ள நெருக்கத்தை நீக்கி, நிலைமை மேலும் கெடாமல் காக்கிறது. ஆனால் நெடுங்காலம் நசுங்கிக் கிடந்த நரம்பிழைகள் அன்றே மீண்டுவிடுவதில்லை. முன்னேற்றத்தின் பெரும்பங்கு முதல் 6 மாதங்களில் தெரியும். அதன்பின் ஓரிரு ஆண்டுகள் வரையிலும் சிறிது சிறிதாக அது தொடரலாம். சிலருக்கு ஓரளவு தடுமாற்றம் நிலைத்தும் விடலாம்.

பென்னாகரம் பக்கத்து விவசாயி ஒருவர், சிகிச்சை முடிந்த இரண்டாம் மாதம், காலையில் இரு கைகளாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்த கணத்திலேயே முன்னால் சாய்ந்து தொட்டி விளிம்பில் மோதிக்கொண்டார். பகலில் வரப்பில்கூட மெல்ல நடந்தவர் அவர். பாதம் சொல்லாததைக் கண் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அவரால் நிற்க முடிந்தது. கண்ணை மூடியதும் அந்தத் துணையும் போய்விட்டது. இரவில் கரண்ட் போகும்போது இவர்கள் விழுவதற்கும் இதுவே காரணம் என்பதால், படுக்கையிலிருந்து கழிவறை வரை விளக்கும், கைபிடிக்க ஒரு கம்பியும், பின்வார் வைத்த செருப்பும் வேண்டும் என்று மருந்துச் சீட்டுக்கு நிகராக வலியுறுத்துகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. இங்குள்ள பல ஆழ்துளைக் கிணறுகளில் புளூரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அத்தகைய நீரைப் பல்லாண்டு குடித்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பை ஒட்டிய தசைநார்கள் எலும்பாக இறுகித் தண்டுவடத்தை நெருக்குகின்றன. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதால் நீர் மாறியது. முன்பே இறுகியது தானாக இளகாது. ஆகவே சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாலோ, அதை வயது என்றும் வாதம் என்றும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தாமதம் கூடக்கூட மீட்சி குறைகிறது.

பயிற்சியை அறுவை மருத்துவரின் அனுமதியோடுதான் தொடங்க வேண்டும். சுவர் மூலையில் முதுகு வைத்து, முன்னால் நாற்காலி போட்டு, பாதங்களைச் சேர்த்து நிற்பதில் தொடங்குவோம். கண்ணை மூடி நிற்பது ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே. தண்ணீர்க் குடத்தையோ தீவனக் கட்டையோ தலையில் தூக்கவே கூடாது. இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கை, கால் பலம் திடீரெனக் குறைந்தாலும், சிறுநீர் அடங்காவிட்டாலும், காயத்தில் சீழ் வடிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்த விவசாயி எட்டாம் மாதத்தில் நின்றபடியே முகம் கழுவினார், இடது உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொண்டு, ஒரே கையால்.