கிளினிக்கில் காகிதத்தை விடுவது எதற்காக?

கிளினிக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பேச்சு வந்தாலே இடம் மிச்சம், மரம் மிச்சம் என்று ஆரம்பிப்பார்கள். உண்மைதான். ஆனால் அலமாரி காலியாகிறது என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவர் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. மாறச் சொல்லி நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வேறு. காகித ஃபைலைப் படிக்க முடியும். அதனிடம் கேள்வி கேட்க முடியாது.

2004 செப்டம்பரில் ரோஃபெகாக்சிப் என்ற வலி மருந்தை அதன் தயாரிப்பாளரே உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று ஆய்வில் தெரிந்ததுதான் காரணம். அப்படி ஒரு செய்தி வரும் நாளில் மருத்துவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று: என் நோயாளிகளில் யார் யார் இதைச் சாப்பிடுகிறார்கள்? காகித ஃபைல் என்றால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை, அவர்கள் அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். மின்பதிவில் மருந்தின் பெயரைத் தட்டினால் பட்டியல் வந்துவிடும், அன்று மாலைக்குள் போன் செய்து நிறுத்தச் சொல்லலாம்.

காகிதத்தைப் பொறுத்தவரை, மருத்துவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளி மட்டும்தான் கணக்கு. வராமல் போனவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரை நோயாளிகளில் ஆறு மாதமாக யார் எட்டிப் பார்க்கவில்லை, எந்தக் குழந்தைக்கு அடுத்த தவணைத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது, கர்ப்பம் தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் யார் கருவைப் பாதிக்கக்கூடிய வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் மின்பதிவில் சில நிமிட வேலை. என் கணக்கில் முதல் லாபம் இதுதான், மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு.

அடுத்தது, மெதுவாக நகரும் நோய்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை கிரியேட்டினின். ஒரு பெண்மணிக்கு அது முதலில் 0.9, அடுத்த வருடம் 1.1, அதற்கடுத்த வருடம் 1.3 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி ரிப்போர்ட்டாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ‘கொஞ்சம் கூட இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லி அனுப்பத் தோன்றும். மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்து காட்டினால் கதை வேறு. 70 வயதுப் பெண்ணுக்கு 1.3 என்றால் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், 45-ஐ ஒட்டி இறங்கிவிட்டது என்று அர்த்தம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டிய இடம் அது; 30-க்குக் கீழே போனால் அந்த மருந்தே கூடாது. மூட்டு வலிக்காக அவரே வாங்கிப் போட்டுக்கொள்ளும், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மாத்திரையையும் அப்போதே விசாரித்துவிடலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்து இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் மென்பொருளே போட்டுக் கொடுக்கிறது. நெரிசலான நாளில் மனக்கணக்காக இதை யார் போடுவார்கள்?

மருத்துவர்களின் கையெழுத்தைப் பற்றிய நகைச்சுவைகளை எல்லோரும் கேட்டிருப்போம். இன்சுலின் சீட்டில் 10 என்று எழுதி, யூனிட் என்பதற்கு U என்ற ஆங்கில எழுத்தை மட்டும் பக்கத்தில் போட்டால் அது 100 என்று படிக்கப்படலாம். 1.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 10 ஆகிவிடும். லோசெக் என்ற வயிற்று மருந்தையும் லாசிக்ஸ் என்ற சிறுநீர் மருந்தையும் மாற்றிக் கொடுத்த குழப்பத்தால், 1990-இல் அமெரிக்காவில் லோசெக்கின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். தட்டச்சு செய்த சீட்டில் இவை பெரும்பாலும் நடக்காது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அதே குடும்பத்து அமாக்ஸிசிலின் எழுதப் போனால் திரையே எச்சரிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டருக்கென்று சொந்தமாகச் சில தவறுகள் உண்டு. பட்டியலில் ஒரு வரி தள்ளிக் கிளிக் செய்தால் வேறு மருந்து போய்விடும். போன முறை எழுதியதை அப்படியே ஒட்டினால், இன்று தொட்டுப் பார்க்காத வயிறும் ‘இயல்பு’ என்று பதிவாகும். எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை வந்தால் நாம் எதையும் படிக்காமல் மூடிவிடுவோம். ஆபத்தானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுவது நல்லது.

திரையைப் பார்த்தே பேசும் டாக்டரை யாருக்கும் பிடிக்காது. நியாயம்தான். மானிட்டரை இருவரும் பார்க்கும்படி திருப்பி வைத்துப் பாருங்கள். ‘இந்த மாத்திரையை நிறுத்தி நாளாச்சே டாக்டர்’ என்று நோயாளியே திருத்துவார்.

பாதுகாப்பைப் பற்றி இரு பக்கமும் அனுபவம் உண்டு. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது காகிதப் பதிவுகள் ஏராளமாக அழிந்தன; முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் பதிவுகள் கம்ப்யூட்டரில் இருந்ததால், இடம்பெயர்ந்த நோயாளிகளை வேறு ஊர்களில் பார்த்த மருத்துவர்களும் அவற்றைத் திறக்க முடிந்தது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற கம்ப்யூட்டர் வைரஸ் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளை முடக்கியபோது அங்கிருந்தவர்கள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பினார்கள். ஆகவே நெட்வொர்க்கில் இணைக்காத பேக்கப் ஒன்று வேண்டும், அது திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருந்தால் யார், எப்போது, எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்பது பதிவாகும். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் அதில் அர்த்தமே இல்லை.

பழைய ஃபைல்களை எல்லாம் ஸ்கேன் செய்து போட்டுவிட்டு ‘மாறிவிட்டோம்’ என்று நினைப்பவர்கள் நிறைய. ஸ்கேன் செய்தது வெறும் படம். அதற்குள் மருந்தின் பெயரைத் தேடியோ கிரியேட்டினினை வரைந்தோ பார்க்க முடியாது. ஒவ்வொரு நோயாளியும் அடுத்த முறை வரும்போது அவருடைய பிரச்சினைகள், இப்போதைய மருந்துகள், ஒவ்வாமை மூன்றையும் மட்டும் முறையாகத் தட்டி ஏற்றினால் போதும். பதிவுகளைப் பிரச்சினைப் பட்டியலின் அடிப்படையில் எழுத வேண்டும் என்று லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர் 1968-லேயே வாதாடியிருக்கிறார்.

அப்புறம், மென்பொருள் விற்பவரிடம் வசதிகளைக் கேட்பதற்கு முன் வெளியேறும் வழியைக் கேளுங்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனால் என் நோயாளிகளின் பதிவுகள் மென்பொருள்களுக்கு இடையே மருத்துவப் பதிவுகளைப் பரிமாற உதவும் எஃப்ஹெச்ஐஆர் போன்ற பொதுத் தரத்தில் முழுதாகக் கிடைக்குமா, அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் ‘ஆமாம்’ என்றால் நம்பாமல், பத்து மாதிரி நோயாளிகளை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.