ஃபோலிக் அமிலக் குளிசை: கிளினிக்கில் பதியும் முன்பே கேட்டு வாங்க வேண்டியது

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தாய் சேய் நலச் சேவையில் காசில்லாமல் கிடைப்பவற்றுள் ஆகச் சிறியது ஃபோலிக் அமிலக் குளிசை. பி வகை விற்றமின்களில் ஒன்றான ஃபோலேற்றின் மருந்து வடிவம் அது. வழக்கமாக 1 மில்லிகிராம், மஞ்சள் நிறம், நாளுக்கு ஒன்று. வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகுதான் இதைத் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிள்ளை பெற எண்ணியிருக்கும் பெண்ணுக்கும் இது உரியதுதான்.

காரணம் நாள்கணக்கு. மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக்குழாய் சரியாக மூட ஃபோலேற் வேண்டும். அந்தக் குழாயோ கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போனது தெரியும்போதே அதில் பாதி கழிந்திருக்கும். சோதித்துப் பார்த்து, வீட்டில் சொல்லி, 8 வாரத்துக்குள் ஒழுங்காகப் பதிந்தாலும் குழாயின் கதை அதற்குள் முடிந்துவிடும். சரியாக மூடாவிட்டால் முதுகெலும்பில் பிளவோடு, சிலவேளை மண்டையோடே உருவாகாமல் பிள்ளை பிறக்கலாம். ஆகவே கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் முடியும்வரை விடாமல் எடுக்க வேண்டும். கலியாணத் திகதி குறித்ததும் தொடங்குவது நல்லது. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், லீவில் வந்து இறங்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே!

கேட்க வேண்டியது உங்கள் பிரிவின் பொதுச் சுகாதார மருத்துவமாதுவிடம், அதாவது ஊரில் எல்லோரும் ‘மிட்வைஃப் மிஸ்’ என்பவரிடம். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வருவதே வழக்கம் என்பதால், மணமகளின் பிரிவு பெரும்பாலும் மாறாது. புதிதாகக் குடிவந்தவர்கள்தான் தாங்களே போய்ப் பதிய வேண்டும். அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தார் ஒன்றைக் கவனிக்கவும்: திருக்கோவில், ஆலையடிவேம்பு, காரைதீவு போன்ற பிரிவுகள் சுகாதார நிர்வாகத்தில் கல்முனைப் பிராந்தியத்துக்குள் வருகின்றன. மேலிடத்தில் எதையாவது விசாரிக்க அம்பாறை நகருக்கு பஸ் ஏறத் தேவையில்லை.

முன்பு நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு பிள்ளை பிறந்திருந்தால், அல்லது வலிப்புக்கு மருந்து எடுப்பவராகவோ நீரிழிவு உள்ளவராகவோ இருந்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வைத்தியர் கூடிய அளவு, பொதுவாக 5 மில்லிகிராம், எழுதக்கூடும். அதற்காக 1 மில்லிகிராம் குளிசையில் ஐந்தைத் தானாக விழுங்கக் கூடாது. அளவு மிஞ்சினால், குறிப்பாக மச்சம் தொடாதவர்களில், விற்றமின் பி12 குறைபாடு வெளியே தெரியாமல் மறைந்துபோகும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டு போடவும் வேண்டாம்.

சாப்பாட்டில் தேடினால் முதலிடம் பருப்பு வகைக்குத்தான். அவித்த கௌப்பி 100 கிராமில் ஏறத்தாழ 200 மைக்ரோகிராம், மைசூர்ப் பருப்பில் 180, பயறில் 160. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வேண்டியது 600. கீரையிலும் உண்டு, ஆனால் இந்த விற்றமின் தண்ணீரில் கரையும். அவித்த தண்ணீரைப் பீலிக்குள் ஊற்றினால் பெரும்பங்கு அதோடு போய்விடும். பொன்னாங்காணியைக் கழுவிய பிறகே அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு மூடி, சில நிமிடம் மட்டும் சுண்டுங்கள். எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் குளிசையை நிறுத்த வேண்டாம்: சாப்பாட்டிலுள்ள ஃபோலேற்றை விடக் குளிசையிலுள்ளது கூடுதலாக உறிஞ்சப்படும்.

12 வாரத்துக்குப் பிறகு இரும்புச்சத்துக் குளிசையும் சேரும். அதைத் தேத்தண்ணியோடு எடுத்தால் பாதி வீண். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கல்சியத்தையும் அதே வேளையில் போடாமல் வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், அதற்குப் பயந்து எல்லாக் குளிசையையும் ஒன்றாக நிறுத்துபவர்கள் உண்டு. மஞ்சள் குளிசையை வெளிச்சமும் ஈரமும் கெடுக்கும் என்பதால், அடுப்படி ஜன்னலோரத்தில் வைக்காமல் அலுமாரிக்குள் வையுங்கள்.