கடிவாய் தெரியாத கடி

"டொக்டர், கண்ணைத் திறவெண்டு சொல்லச் சொல்ல நித்திரை கொள்ளுறான்" என்றார் தாய். அவன் நித்திரையில்லை. 16 வயது. புரட்டாதி வெக்கைக்குச் சீமெந்துத் தரையில் பாயை விரித்துப் படுத்தவன். விடிய நாலு மணிக்கு வயிற்றுவலி, சத்தி. வழியில் ஓரிடத்தில் காஸ்ட்ரிக் என்று குளிசை கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது ஒன்பது மணி. இமையைத் தூக்குவதற்காக நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தான். எச்சிலை விழுங்க முடியவில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடினோம். கடிவாய் இல்லை.

எண்ணெய் விரியன் பாம்புதான், கட்டுவிரியன் என்றும் சொல்வார்கள். வன்னியில் நான் அதிகம் பயப்படுவது இதற்கே. புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தால் வலிக்கும், வீங்கும், ஆளே ஓடி வருவார். இதுவோ இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்தவரை நித்திரையிலேயே கடித்துவிட்டுப் போய்விடும். பலருக்கு வலியே இராது. நஞ்சு நரம்பு நுனிகளைச் சிதைத்துவிட்டால் விஷமுறிப்பு மருந்தால் அவற்றை மீட்க முடியாது. அவை திரும்ப முளைக்கும்வரை இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும்.

இரண்டாம் நாள் அவனுக்கு ஒரு விரலும் அசையவில்லை. வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கவில்லை. "மூளை செத்திட்டுதோ?" என்று மாமன்காரர் கேட்டார். இந்தக் கடியில் அப்படித்தான் தோன்றும். உள்ளே ஆள் விழித்திருக்கலாம். பக்கத்தில் இருந்து கதைக்கச் சொன்னேன். ஏழாம் நாள் குழாயைக் கழற்றியதும் கரகரத்த குரலில் சொன்னான்: "அம்மா சிவப்பிப் பசுவை வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தவா. எனக்குக் கேட்டது."

2012–13இல் நாடளாவிய வீட்டுக் கணக்கெடுப்பொன்று, இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. பெரும்பாலும் வயலை நம்பிய ஏழைச் சனம்.

தரையில் படுத்தவர் விடிய வயிற்றுவலியோடு எழும்பி, இமை சரிந்தால், கடிவாய் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். பரியாரியாரிடம் பார்வை பார்ப்பதானால் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு பாருங்கள், நான் மறிக்கமாட்டேன்.

இன்னொன்று. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்த பிறகு, நுளம்பு வலைகள் கோழிக்கூட்டைச் சுற்றிக் கிடப்பதைப் பார்க்கிறேன். கழற்றித் தோய்த்துக் கட்டுங்கள். பாம்பும் உள்ளே வராதபடி நான்கு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.