காய்ச்சல் மரணக் கணக்கு: ஆர்.டி.ஐ. மனுவில் எதைக் கேட்பது, எங்கே மாட்டிக்கொள்வோம்

மழைக்காலத்தில் தெருவுக்கு நாலு பேர் காய்ச்சலில் படுத்திருப்பார்கள். தொலைக்காட்சியில் 'பாதிப்பு கட்டுக்குள் இருக்கிறது' என்று பேட்டி ஓடும். அந்தப் பேட்டிக்குப் பின்னால் இருக்கும் பதிவேடுகளைக் கேட்டு வாங்க 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) இடம் தருகிறது. கட்டணம் 10 ரூபாய். எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். சட்டம் பற்றி இவ்வளவு போதும். மனு எங்கே சிக்குகிறது என்பதைப் பார்ப்போம்.

'எங்கள் மாவட்டத்தில் டெங்குவால் எத்தனை பேர் இறந்தார்கள்?' என்று கேட்டால், பெரும்பாலும் செய்திக்குறிப்பில் வந்த அதே எண்தான் திரும்பி வரும். எண்ணுவதற்கு முன்பே கணக்கு சுருங்கிவிடுகிறது. தனியார் ஆய்வகத்தில் அட்டைப் பரிசோதனையில் (ரேபிட் டெஸ்ட்) பாசிட்டிவ் வந்தால் அது 'உறுதியான டெங்கு' ஆகாது. எலிசா போன்ற உறுதிசெய்யும் ஆய்வகப் பரிசோதனையில் வந்தால்தான் ஆகும். மற்றதெல்லாம் வெறும் காய்ச்சல், பத்திரிகை மொழியில் மர்மக் காய்ச்சல். மரணத்திலும் இதே கதை. மருத்துவர் எழுதும் படிவம் 4-ல் உடனடிக் காரணம் ஒரு வரியிலும், அதற்கு இட்டுச்சென்ற நோய் அடுத்த வரியிலும் வர வேண்டும். 'பல உறுப்புச் செயலிழப்பு' என்று மேல்வரியை மட்டும் எழுதி நிறுத்தினால் டெங்கு காணாமல் போய்விடும்.

எனவே கேள்வி கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள். நோய்க் கண்காணிப்பில் மூன்று படிவங்கள் உண்டு. சுகாதாரப் பணியாளர் நிரப்புவது எஸ், மருத்துவர் நிரப்புவது பி, ஆய்வகம் நிரப்புவது எல். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன வட்டாரத்தில், எஸ், பி, எல் படிவங்களில் பதிவான காய்ச்சல் மற்றும் டெங்கு எண்ணிக்கை, வார வாரியாக' என்று எழுதுங்கள். மூன்றையும் சேர்த்துக் கேட்பது முக்கியம். பி-யில் குவிந்து எல்-இல் இல்லையென்றால், பரிசோதனையே நடக்கவில்லையா என்று அடுத்த மனுவுக்கு விஷயம் கிடைக்கும்.

'ஏன் மறைத்தீர்கள்?' என்று எழுதினால் மனு அங்கேயே முடிந்தது. ஓர் அலுவலகம் தன்னிடம் இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சொல்லிவிட்டது. அதை ஒரு வரியில் மேற்கோள் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். எண்ணை யார் திருத்தினார்கள் என்று தெரிய வேண்டுமானால், அந்தச் செய்திக்குறிப்புக்கு ஒப்புதல் பெற்ற கோப்பின் நோட் ஃபைல் நகலைக் கேளுங்கள். அதில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளும் சட்டப்படி தகவல்தான். செய்திக்குறிப்பை வெளியிட்டது செய்தி மக்கள் தொடர்புத் துறையாக இருந்தாலும், எண்ணிக்கை போன வழி சுகாதாரத் துறைக் கோப்பில் இருக்கும்.

அடுத்தது அலைக்கழிப்பு. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. தாலுகா மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மாநகரில் இறப்புப் பதிவேடு மாநகராட்சியிடம். 'எங்களிடம் இல்லை' என்று ஒவ்வொருவரும் அடுத்த வாசலைக் காட்டுவார்கள். மனுவிலேயே 'தங்களிடம் இல்லாத பகுதியைப் பிரிவு 6(3)-ன்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றவும்' என்று எழுதிவிடுங்கள். மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை, உங்கள் வேலை அல்ல.

பதிவேட்டுக்குப் பதிவேடு கணக்கு மாறும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 கொரோனா மரணங்களைத் தமிழக அரசு ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் மாநிலப் பட்டியலும் ஒத்துப்போகாததால் வந்தது அது. ஆகவே இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே காலத்துக்கு, ஒரே நாளில், தனித்தனி மனு போடுங்கள். 'பூஜ்யம்' என்று பதில் வந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் பதில் சொன்னது. யாரும் இறக்கவில்லை என்பது வேறு, யாரும் எழுதி அனுப்பவில்லை என்பது வேறு.

பெயர், முகவரி கேட்காதீர்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.டி.ஐ. சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-வைத் திருத்தியபின் 'தனிப்பட்ட தகவல்' என்ற சாக்கு இன்னும் சுலபமாகிவிட்டது. வயது, பாலினம், வட்டாரம், இறந்த தேதி போதும். 'அடையாள விவரங்களைப் பிரிவு 10-ன்படி மறைத்துத் தரவும்' என்று சேருங்கள். இறந்தவர் உங்கள் வீட்டவர் என்றால் இவ்வளவு சுற்ற வேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்தின்படி, மரணக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கு மருத்துவமனையே தர வேண்டும். உடலை வாங்கும்போதே கேளுங்கள். பிறப்பு இறப்புப் பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது.

சின்னச் சின்ன ஓட்டைகள்: சங்கத்தின் லெட்டர் பேடில் எழுதாதீர்கள், உரிமை குடிமகனுக்குத்தான், சொந்தப் பெயரில் அனுப்புங்கள். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். அதையே ஒன்றிய அரசு அலுவலகத்துக்கு ஒட்டினால் திரும்பி வரும், அங்கே போஸ்டல் ஆர்டர். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும், போய்ச் சேர்ந்த தேதிக்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

'தொகுத்துத் தர ஆள் இல்லை' என்று பிரிவு 7(9)-ஐ நீட்டுவார்கள். அது எந்த வடிவில் தருவது என்பதைப் பற்றிய பிரிவு, தர மறுப்பதற்கானது அல்ல. பதிவேட்டை நேரில் பார்வையிட நாள் குறிக்கச் சொல்லிப் பதில் எழுதுங்கள்.

30 நாள் தாண்டியும் மௌனம் என்றால் அது மறுப்புதான். அதிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கட்டணம் இல்லை. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காலம் கடந்து வரும் நகல்களுக்குப் பக்கக் கட்டணம் கேட்டால் பிரிவு 7(6)-ஐக் காட்டுங்கள், இலவசமாகத் தர வேண்டும். தகுந்த காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்தால் முடியும். அதைக் கேட்டு எழுதினால்தான் பேச்சே எழும். மேல்முறையீட்டில் புதுக் கேள்வி எதையும் நுழைக்காதீர்கள், அதைச் சொல்லியே தள்ளுபடி செய்வார்கள். புதுக் கேள்விக்குப் புது மனு போடுங்கள், இன்னொரு 10 ரூபாய்தான்.